கெடு 10.30 மணிக்கு, டிக்கெட் 9 மணிக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டுப் பக்கம் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த கருங்குழி ரசிகர்கள் கண் விழித்தபோது, 'துருவ நட்சத்திரம்' இன்று வராது என்ற செய்திதான் செல்போனில் காத்திருந்தது. மன்னிக்க வேண்டும், எவ்வளவோ முயன்றும் முடியவில்லை, இன்னும் ஓரிரு நாள் ஆகலாம் என்ற பொருளில் இயக்குநர் கௌதம் வாசுதேவ் மேனன் எக்ஸ் தளத்தில் எழுதியிருந்தார். அந்த ஓரிரு நாளும் போய்விட்டது, படத்தைக் காணோம். டிக்கெட் காசு திரும்ப வந்துவிட்டது, சரி. சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றியவர்களுக்கும் சம்பளத்தைவிட்டு லீவு போட்டவர்களுக்கும் எதைத் திருப்பித் தருவார்கள்?

படத்தை நிறுத்திய வழக்கின் கதை ஆசிரியருக்குத் தெரியாததல்ல. சிம்புவை வைத்து எடுப்பதாக இருந்து எடுக்கப்படாமலே போன வேறொரு படத்துக்குக் கௌதம் மேனன் வாங்கிய 2 கோடியே 40 லட்சம் ரூபாயை, 24ஆம் தேதி காலை 10.30 மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் படத்தை வெளியிட வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். இதில் நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. அதற்கு டிக்கெட் எடுத்தவர் இடைவேளையில் பாப்கார்ன் வாங்க எழுந்து நிற்கும் நேரத்தில்தான் கெடுவே முடிகிறது. கையில் பணம் தயாராக இல்லாத நிலையில் எந்தத் தைரியத்தில் முன்பதிவைத் திறந்தார்கள்? ரசிகன் கட்டும் டிக்கெட் காசை நம்பியா?

காத்திருப்பதில் ரசிகர்களுக்கு வருத்தமில்லை. 2013இல் சூர்யா நடிப்பதாக இருந்து, முழுக் கதையும் கைக்கு வரவில்லை என்று சொல்லி அவர் விலகிக்கொண்ட படம் இது. 2017 ஜனவரியில் விக்ரமை வைத்து மறுபடி தொடங்கியது. நியூயார்க், ஸ்லோவேனியா, பல்கேரியா, துருக்கி, ஜார்ஜியா என்று ஊர் ஊராகப் படப்பிடிப்பு. முதல் டீசரைப் பார்த்துக் கைதட்டியபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று மறைமலை நகர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். இந்தப் படத்தின் வில்லன் விநாயகன், இடையில் 'ஜெயிலர்' படத்தின் வர்மனாக வந்து தமிழ்நாடு முழுக்கப் பெயர் வாங்கிவிட்டார். முதலில் அவரை மிரட்டலாகக் காட்டும் வாய்ப்பு யாருக்கு இருந்தது, யாருக்குக் கிடைத்தது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அப்படியும் ஏன் இந்த உளவாளிப் படத்துக்கு இவ்வளவு ஆசை? தமிழ் சினிமாவில் உளவாளிக்குப் பஞ்சமில்லை. 1966இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' எடுத்தபோதே ஜெய்சங்கர் துப்பாக்கியோடு வந்துவிட்டார். 1968இல் எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆனார். 1986இல் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் 'விக்ரம்' ஆகி, திருடுபோன ஏவுகணையைத் தேடிக் கற்பனை நாடு ஒன்றுக்கே போனார். ஜேம்ஸ் பாண்ட் மாதிரி ஒரே உளவாளி படத்துக்குப் படம் வளர்ந்துகொண்டே போகும் வரிசைதான் இங்கே நிலைக்கவில்லை. 36 ஆண்டு கழித்து லோகேஷ் கனகராஜ் அதே ஏஜென்ட் விக்ரமை 2022இல் திரும்பக் கொண்டுவந்தபோது தியேட்டர்கள் அதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த 'சர்தார்', தண்ணீர் வியாபாரத்தைக்கூட உளவுக் கதையாக்கலாம் என்று காட்டியது. அந்த வரிசையில் 'அத்தியாயம் ஒன்று: யுத்த காண்டம்' என்று தலைப்பிலேயே அடுத்த பாகத்துக்கு இடம்விட்டு வருகிற படம் இது. விக்ரம் நடிக்கும் ஜான், ஒரு ரகசியக் குழு, ஹாரிஸ் ஜெயராஜின் இசை. எதிர்பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

புகார்களும் உண்டு. கௌதம் படங்களில் கதாநாயகன் நம்மிடம் பேசுவதைவிடத் தனக்குத் தானே பேசிக்கொள்வது அதிகம், அதிலும் பாதி ஆங்கிலம். ஜான் வெளிநாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் ஆங்கிலம் பேசட்டும், மனசுக்குள் பேசும்போதாவது தமிழ் பேசினால் புண்ணியம். ஆனால் இதெல்லாம் படத்தைப் பார்த்தவன் போட வேண்டிய சண்டை. அந்தச் சண்டைக்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்கள். முதல் அத்தியாயமே பெட்டிக்குள் இருக்க, இரண்டாம் அத்தியாயத்தின் கதை என்ன என்று ரசிகர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு படம் தள்ளிப்போனதற்கா இத்தனை ஆத்திரம் என்று சிலர் கேட்கிறார்கள். பஸ் வரவில்லை என்றால் எழுதலாம், கரண்ட் இல்லை என்றால் எழுதலாம், காசு வாங்கிக்கொண்டு காட்சி இல்லை என்றால் மட்டும் எழுதக் கூடாதா? பாவம் கௌதம் மேனன், இந்தப் படத்தை முடிக்கத்தானே ஊர்ப்பட்ட படங்களில் நடிக்கிறார் என்பது இன்னொரு சமாதானம். அவர் உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஜேம்ஸ் பாண்ட் படமே தள்ளிப்போகவில்லையா என்றும் சொல்கிறார்கள். போனது. 2020 ஏப்ரலில் வர வேண்டிய 'நோ டைம் டு டை' 2021இல்தான் வந்தது. அது கொரோனாவால். அதையும் ஒரு மாதம் முன்பே மார்ச் தொடக்கத்தில் சொல்லிவிட்டார்கள், முதல் காட்சிக்கு ஆள் கிளம்பும் நேரத்தில் அல்ல.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைத் தமிழக அரசு இரண்டு வாரம் தடை செய்தபோது இதே ரசிகர்கள் கமலின் பக்கம் நின்றார்கள். பக்கத்து மாநிலங்களுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அன்றைய தடை வெளியிலிருந்து வந்தது. இன்றைய தடை உள்ளேயே பல நாளாக இருந்தது, முன்பதிவைத் திறந்தவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. போதாததற்கு, இதே இயக்குநரின் 'எனை நோக்கி பாயும் தோட்டா' 2019 செப்டம்பர் 6 என்று தேதி சொல்லிவிட்டு நவம்பர் 29இல் வந்தது. ஒரு தடவை பட்டதே போதவில்லை போலும்.

அந்தக் காலத்தில் ஃபைனான்சியர் சம்மதிக்காவிட்டால் லேபிலிருந்து பெட்டி கிளம்பாது. இன்று பெட்டி இல்லை, டிஜிட்டல் சாவி. கே.டி.எம். வந்தால்தான் புரொஜெக்டர் படத்தைத் திறக்கும். கருவிதான் மாறியிருக்கிறது, வியாழன் ராத்திரி உட்கார்ந்து வெள்ளி விடியும்வரை பேசும் பஞ்சாயத்து அப்படியேதான் இருக்கிறது. சங்கங்களுக்கோ குறைவில்லை. தயாரிப்பாளர்களுக்குச் சங்கம், விநியோகஸ்தர்களுக்குச் சங்கம், தியேட்டர்காரர்களுக்குச் சங்கம். டிக்கெட் வாங்குகிறவன் சார்பில் பேச இவற்றில் ஒன்றும் இல்லை.

அரசு அதிகாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் 'லியோ' வந்தபோது முதல் காட்சி 4 மணிக்கா, 7 மணிக்கா, 9 மணிக்கா என்று கோட்டையும் உயர் நீதிமன்றமும் அல்லாடின. எத்தனை காட்சி, கடைசிக் காட்சி நள்ளிரவு தாண்டி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று அரசாணை போட்டுச் சொன்னார்கள். அதிகாலையில் ரசிகன் எழுந்து தியேட்டருக்குப் போய்விடக் கூடாது என்பதில் காட்டிய கரிசனத்தில் கால் பங்கையாவது அவன் பணத்தின் மேலும் காட்டியிருக்கலாம். பிரச்சினை வந்த பிறகு சட்டம் ஒழுங்கு என்று தடியைத் தூக்குவதற்கு மட்டும்தானா அதிகாரம்?

வியாபாரத்தில் செங்கல்பட்டு ஏரியாவுக்கு எவ்வளவு மரியாதை என்பது விநியோகஸ்தர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தயாரிப்பாளர் சங்கத்துக்கும் தியேட்டர் உரிமையாளர்களுக்கும் இந்தப் பக்கத்து ரசிகர்கள் கேட்பது ஒன்றுதான்: பாக்கியெல்லாம் தீர்ந்தது, வழக்குத் தடை எதுவும் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்காமல் எந்தப் படத்துக்கும் முன்பதிவைத் திறக்காதீர்கள். கௌதம் மேனன் அடுத்த தேதியை அறிவிப்பதற்கு முன்பே அதை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருங்குழி, செங்கல்பட்டு மாவட்டம்