கைதட்டல் வேறு, சட்டம் வேறு

‘அவன் காசு போட்டு வாங்கிய கிளப். அவன் விற்பான், அடகு வைப்பான், என்ன வேண்டுமானாலும் செய்வான். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவனுக்கு இதில் என்ன உரிமை?’

ஐரோப்பாவில் கால்பந்து ரசிகர்கள் கிளப் முதலாளிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். மறுக்க முடியாத நியாயத்தைச் சொல்லிவிட்டது போல ஒரு புன்சிரிப்பு வேறு. அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்த்துவிடுவோம்.

முதலில், ‘அவன் காசு’ என்பது. 2005-ல் அமெரிக்கரான மால்கம் கிளேசர் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும் பங்கு கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப் அது. ஒருவர் கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்குகிறார். வீட்டையே அடமானம் வைக்கிறார். வட்டியைக் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்து எடுத்துக் கட்டுகிறார். பிறகு ‘என் வீடு, நீ யார் கேட்க?’ என்கிறார். இதற்குப் பெயர் ‘அவன் காசு’ என்றால், குடியிருப்பவர்கள் கட்டிய காசுக்கு என்ன பெயர்?

இரண்டாவது, ‘பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போ’ என்பது. சோப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். தகப்பனும் பாட்டனும் எந்த மைதானத்தில் மழையில் நனைந்து நின்றார்களோ, அந்தக் கிளப்பை அப்படி மாற்ற முடியாது. முதலாளிக்கும் இது நன்றாகத் தெரியும். விட்டுப் போக மாட்டான் என்ற தைரியத்தில்தானே விலையை ஏற்றுகிறார்?

நான் படித்தது பிரெஞ்சு வழிக் கல்வியில். ரசிகருக்கு அந்த மொழியில் ‘சுப்போர்த்தேர்’ என்பார்கள். ‘சுப்போர்த்தே’ என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, தாங்குவது. மற்றொன்று, பொறுத்துக்கொள்வது. நம்முடைய ‘ரசிகர்’ என்ற சொல்லில் உட்கார்ந்து ரசிப்பவர்தான் தெரிகிறார்; அந்தச் சொல்லில் தோள் கொடுப்பவர் தெரிகிறார். தோள் கொடுப்பவனைப் பார்த்து ‘உனக்கு என்ன உரிமை?’ என்று கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சரி, அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்?

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் ‘சூப்பர் லீக்’ என்ற புதுப் போட்டியை அறிவித்தன. இங்கிலாந்திலிருந்து ஆறு, ஸ்பெயினிலிருந்து மூன்று, இத்தாலியிலிருந்து மூன்று. மொத்தம் இருபது இடங்கள். அவற்றில் பதினைந்து நிறுவனக் கிளப்புகளுக்கே நிரந்தரம். தோற்றாலும் இடம் போகாது. தோற்றால் கீழே இறங்க வேண்டும், ஜெயித்தால் மேலே ஏறலாம் என்பதுதானே விளையாட்டு? பணக்காரர்களுக்கு மட்டும் அந்த விதி வேண்டாம் என்றார்கள்.

ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை லண்டனில் செல்சி மைதானத்தின் முன்னால் கூட்டம் கூடியது. அன்று இரவுக்குள் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் விலகிக்கொண்டன. அறிவித்து மூன்று நாள்கூட ஆகவில்லை.

அந்த மூன்று நாட்களில் பிரிட்டிஷ் அரசு காட்டிய வேகம் இருக்கிறதே! பிரதமர் போரிஸ் ஜான்சன் எதையும் செய்யத் தயார் என்றார். திங்கட்கிழமையே நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஆலிவர் டௌடன் எழுந்து, டிரேசி கிரவுச் என்ற எம்.பி.யின் தலைமையில் ரசிகர்களை முன்னிறுத்தி ஆய்வு நடத்தப்படும் என்று அறிவித்தார். எதிர்க்கட்சியும் சேர்ந்துகொண்டது. பாரீஸில் அதிபர் மக்ரோன், அந்தத் திட்டத்தில் சேராத பிரெஞ்சுக் கிளப்புகளைப் பாராட்டினார். எல்லோரும் ஒரே நாளில் ரசிகர்களின் நண்பர்கள்!

இவர்கள் அதற்கு முன் எங்கே இருந்தார்கள்? 2019 ஆகஸ்டில் பரி என்ற சிற்றூரின் கிளப் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1885-ல் தொடங்கிய கிளப். இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப். அதைக் கடைசி முதலாளி வாங்கிய விலை ஒரே ஒரு பவுண்டு. ஊரே அழுதது. அப்போது எந்தச் சட்டமும் வரவில்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்க முயன்றபோது, ரசிகர்கள் போராடினார்கள். 1999-ல் தொழிற்கட்சி அரசு தடுத்தது. ஆறு ஆண்டு கழித்துக் கிளேசர் வந்தபோது அதே கட்சி ஆட்சியில் இருந்தும் வாய் திறக்கவில்லை. தடுக்க முடியாது என்பதல்ல, தடுக்கும் எண்ணம் இல்லை என்பதுதான் உண்மை. 2021-ல் மட்டும் எண்ணம் வந்தது ஏன்? அந்த ஆண்டு மே 6-ஆம் தேதி இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

மே 2-ஆம் தேதி கதை மாறியது. மான்செஸ்டர் ரசிகர்கள் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்துக்குள் புகுந்தார்கள். லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிப்போடப்பட்டது. போலீஸ்காரர்கள் காயமடைந்தார்கள். காயப்படுத்தியவர்கள் மீது வழக்குப் போட வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பத்து நாள் முன்பு பாராட்டப்பட்ட கோபம், அன்று முதல் ‘அத்துமீறல்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கப்பட்டது. வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் பதினாறு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தச் சொல் பதிலாகாது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேடைப் பேச்சுக்கும் கோப்புக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அந்தக் கோப்பின் பயணத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் கிரவுச்சின் அறிக்கை. 2023 பிப்ரவரியில் வெள்ளை அறிக்கை. 2024 மார்ச்சில் மசோதா. தேர்தல் வந்ததும் மசோதா காலாவதி. அக்டோபரில் புதிய தொழிற்கட்சி அரசு மறுபடி கொண்டுவந்தது. 2025 ஜூலை 21-ல் சட்டமானது. மூன்று நாளில் பேசியது நடைமுறைக்கு வர நான்கு ஆண்டு மூன்று மாதம், நான்கு பிரதமர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மசோதாவைப் பெற்றெடுத்த கன்சர்வேடிவ் கட்சியே எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும் அதை எதிர்த்தது. பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்ட கதை.

அந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. கால்பந்துக்கென்று சுதந்திரமான ஒழுங்காணையம் வந்திருக்கிறது. முதலாளியாக வருபவரின் தகுதியைச் சோதிக்கலாம். பிரிந்து போகும் போட்டிகளைத் தடுக்கலாம். சின்னத்தையும் சட்டையின் நிறத்தையும் மாற்றுவதற்கு முன் ரசிகர்களைக் கேட்க வேண்டும். நல்லதுதான். ஆனால் கிளப் யாருக்கு விற்கப்பட வேண்டும் என்பதில் ரசிகருக்கு ஓட்டு இல்லை. சட்டையின் நிறத்துக்குக் கருத்து கேட்பார்கள், சட்டைக்குள் யார் என்று கேட்க மாட்டார்கள்.

பிரான்சின் கதை இன்னொரு விதம். அங்கே அரசின் கண்ணுக்கு ரசிகர் என்றால் முதலில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே ஒருவரை மைதானத்துக்குள் நுழையவிடாமல் தடுக்கும் அதிகாரம் 2006 முதல் மாவட்ட அதிகாரியான பிரெஃபே கையில் இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர் கூட்டம் முழுவதையுமே அவர் தடை செய்யலாம். ரசிகர்களோடு உரையாட வேண்டும் என்று 2016-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டம் தடையின் கால அளவையும் நீட்டியது. ஒரு கையால் நாற்காலி போட்டு, மறு கையால் கதவைச் சாத்துவது.

பொர்தோ கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1881-ல் பிறந்தது. ஆறு முறை பிரெஞ்சுச் சாம்பியன். ழிரேஸும் திகானாவும் ஆடிய அணி என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஸிதான் ஆடிய அணி என்று சொன்னால் போதும். அதைக் கையில் வைத்திருந்த கிங் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தை எதிர்த்து ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். 2021 ஏப்ரலில், சூப்பர் லீக் சரிந்த அதே வாரத்தில், இனிப் பணம் போட மாட்டோம் என்று அந்த நிறுவனம் கையை விரித்தது. புது முதலாளி வந்தார். 2022-ல் இரண்டாம் பிரிவு. 2024-ல் தொழில்முறை அந்தஸ்தே போய்விட்டது. நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கே உண்டு. அது கிளப்பைத் தண்டித்தது. முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். மைதானத்தில் மிஞ்சியவர்கள் யாரை ‘தொந்தரவு’ என்றார்களோ அவர்கள்தான்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். அங்கே ‘ஐம்பது கூட்டல் ஒன்று’ என்று ஒரு விதி, 1998 முதல். ஓரிரு விதிவிலக்குகள் தவிர, ஒவ்வொரு கிளப்பிலும் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடம், அதாவது ரசிகர்களிடம், இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை இருபது ஆண்டுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுப்பது என்று 36 கிளப்புகளில் 24 ஓட்டளித்தன. ரசிகர்கள் யாரையும் அடிக்கவில்லை. ஆட்டத்தின் நடுவே டென்னிஸ் பந்துகளை வீசினார்கள்! பந்து பொறுக்கியே ஆட்டம் நின்றது. வாராவாரம் இதே. 2024 பிப்ரவரி 21-ல் லீக் திட்டத்தைக் கைவிட்டது.

டென்னிஸ் பந்துக்கு அவ்வளவு சக்தியா? இல்லை. பந்து வீசியவன் அடுத்த பொதுக்குழுவில் கை தூக்குவான் என்பது தலைவருக்குத் தெரியும். அவனுக்குப் பிரதமரின் பாராட்டும் தேவைப்படவில்லை, பிரெஃபேயின் தயவும் தேவைப்படவில்லை.

ஆகவே, ரசிகர்களைத் தட்டிக்கொடுக்கும் அமைச்சர்களைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. தட்டிக்கொடுக்கும் கையே நாளை தடியைத் தூக்கும். 2005-ல் கிளேசரைப் பொறுக்காத மான்செஸ்டர் ரசிகர்கள் சிலர் வெளியேறி, ‘எஃப்.சி. யுனைடெட்’ என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. பெரிய கோப்பை எதையும் அவர்கள் வெல்லவில்லை, கீழ்ப்பிரிவில்தான் ஆடுகிறார்கள். ஆனால் அங்கே டிக்கெட் விலையை ஏற்ற வேண்டும் என்றால், டிக்கெட் வாங்குகிறவனைக் கேட்டாக வேண்டும்.

‘டிக்கெட் வாங்குகிறவனுக்கு என்ன உரிமை?’ என்று இனி யாராவது கேட்டால், இதைத்தான் சொல்லப் போகிறேன். மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். வாதாட நேரம் நிறைய இருக்கிறது.