அந்த 200 ரூபாயை ஏன் விட வேண்டும்?

அவனியாபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப் போகிறவருக்கு கவுன்ட்டர் மூடியிருக்கும். "டிக்கெட் காசு அவ்வளவும் போச்சு" என்று நொந்தபடி அடுத்த ரயிலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அவ்வளவும் போகவில்லை என்று அவருக்குச் சொல்ல அங்கே யாருமில்லை.

டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமான யூடிஎஃப் ஒன்று. பாதுகாப்புக் கட்டணம் இன்னொன்று. உள்நாட்டுப் பயணிக்கு 2021 ஏப்ரலில் அது 200 ரூபாயாக உயர்ந்தது. இவை விமான நிறுவனத்தின் வருமானம் அல்ல. விமானம் ஏறுகிறவருக்காக வாங்கி, உரிய இடத்தில் கட்ட வேண்டிய பணம். ஏறாதவரின் பணத்தை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு என்ன உரிமை? டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்தாலும் சரி, பயணி வராமலே போனாலும் சரி, சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லி விற்ற சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். திருப்பித் தருவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் பிடிக்கவும் கூடாது.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உள்ள டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டவர் பாடு இன்னும் கடினம். "ஏர்லைன்ஸ்ல இருந்து வரலைண்ணே" என்பார் கடைக்காரர். நிறுவனத்துக்குப் போன் செய்தால் "ஏஜென்ட்டைக் கேளுங்கள்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும். இதற்கும் விதியில் விடை உண்டு: முகவர் நிறுவனத்தின் பிரதிநிதிதான், பணம் திரும்ப வந்து சேரும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும்.

விதி இருந்தும் பணம் வரவில்லையென்றால் எங்கே போவது? சிங்கப்பூரில் 1985 முதல் சிறு வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே அங்கு நடத்தலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இணையவழித் தீர்ப்பாயமே உண்டு. பாட்டி இறந்த துக்கத்துக்குப் பறந்த ஒருவரிடம், துக்கப் பயணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்தும் பெறலாம் என்று ஏர் கனடாவின் இணைய உரையாடி தவறாகச் சொல்லியிருந்தது. உரையாடியின் பேச்சுக்குத் தான் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் வட்டியும் செலவும் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியதுதான். ஆனால் தன் இணையதளத்தில் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்ற செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

நம்மிடம் அந்த இடத்தில் இருப்பது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் மதுரைக்காரருக்குச் செய்த பெரிய நன்மை, வழக்குப் போடும் இடத்தை மாற்றியதுதான். 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், அதன் கிளை உள்ள ஊர், பிரச்சினை எழுந்த ஊர் என்று தேட வேண்டியிருந்தது. தலைமையகம் குருகிராமில் இருக்கும் நிறுவனத்தோடு மோத யாருக்குத் தெம்பு வரும்? இப்போது புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். திருமங்கலத்தில் இருப்பவர் மதுரையில் போடலாம். தேவகோட்டைக்காரர் சிவகங்கையில் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. மனுவை இணையத்தில் தாக்கல் செய்யலாம், காணொலியில் விசாரிக்கும்படி கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போக நினைத்தால், கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.

மனுப் போட்டதாலேயே வெற்றி வந்துவிடாது. 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத்துக்குப் போக வேண்டிய இண்டிகோ விமானம் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமானது. பயணிக்கு ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் 10,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-ல் முடிந்தது. டெல்லி நீதிமன்றங்களில்தான் வழக்காட வேண்டும் என்று டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அந்த மக்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. அதில் பயணி பக்கம்தான் நியாயம். ஆனால் பனியால் வந்த தாமதம் சேவைக் குறைபாடு ஆகாது என்று சொல்லி இழப்பீட்டை ரத்து செய்தது. தாமதத்துக்காகக் கோபப்பட்டு மன உளைச்சலுக்கு லட்சங்களில் கேட்கும் மனுவைவிட, "இந்த விதிப்படி இந்தத் தொகை எனக்கு வர வேண்டும், வரவில்லை" என்று கேட்கும் மனு உறுதியானது என்று நான் நினைப்பது இதனால்தான். கட்டண வழக்கில் பனியும் மழையும் குறுக்கே வருவதில்லை. டிக்கெட் இருக்கிறது, விதி இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது.

காலதாமதத்தை மறைக்க முடியாது. நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல ஆணையங்களில் அது நடப்பதில்லை. மதுரா ரயில் நிலையத்தில் 70 ரூபாய் டிக்கெட்டுக்கு 90 ரூபாய் வாங்கியதற்காக ஒரு வழக்கறிஞர் 1999-ல் போட்ட வழக்கு 2022-ல்தான் முடிந்தது. 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடு பெற்றார், கூடவே ரயில்வேக்கு 15,000 ரூபாய் அபராதம். அவருடைய பிடிவாதம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. ஆனால் எல்லோராலும் அப்படி இருபது ஆண்டு நடக்க முடியாது; நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

என் வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. ஒருவர் வென்றால் அவருக்கு மட்டும் பணம் வருகிறது. மறுநாள் அதே கவுன்ட்டரில் அடுத்தவரிடம் அதே கட்டணம். 2022-ல் விமான நிலைய கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கச் சில நிறுவனங்கள் 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. அது தனி வழக்கு ஒன்றால் நிற்கவில்லை. அப்படி வசூலிக்க விதியில் இடமில்லை என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஜூலை 21 அன்று சொன்ன பிறகே முடிவுக்கு வந்தது. கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்கு யாத்ரா இணையதளம் தர வேண்டியிருந்த பணம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு படிப்படியாகத் திரும்பியது. 2021-ல் 26 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த நிலுவை 2024 ஜூனில் இரண்டரைக் கோடியாகக் குறைந்திருந்தது. நுகர்வோர் உதவி எண்ணில் குவிந்த புகார்கள்தான் அதற்குப் பின்னால் இருந்தன.

அப்படியானால் மாவட்ட ஆணையத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்தை முழுதாகக் கேட்க வேண்டும். முறையற்ற வணிக நடைமுறையை நிறுத்தும்படி உத்தரவிட 39-ம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. எளிதில் அடையாளம் காண முடியாத பலருக்கு இழப்பு நேர்ந்திருந்தால், அந்தச் சேவை மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லவும் அதே பிரிவில் வழி உண்டு. விமான நிறுவனம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும்: பயணிகள் அடையாளம் தெரியாதவர்கள் அல்லர், எல்லோர் பெயரும் எங்கள் கணினியில் இருக்கிறது என்று. பெயர் இருக்கிறதென்றால் பணத்தை அந்தப் பெயர்களுக்கே திருப்பலாமே? அதற்கு 35-ம் பிரிவு இருக்கிறது. ஒரே குறை உள்ள எல்லோர் சார்பிலும், ஆணையத்தின் அனுமதியோடு, ஒருவரே வழக்கு நடத்தலாம். பதிவுபெற்ற நுகர்வோர் சங்கமும் மனுப் போடலாம்.

ஒப்பந்தத்தின் வாசகமே அநியாயமானது என்று வாதிட வேண்டுமானால் மாவட்ட ஆணையத்தில் முடியாது. அந்த அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்காகவும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையில் இருக்கிறது. இத்தனையும் ஒரே நகரில் இருக்கும்போது, இல்லாதது மனுவைச் சரியாக எழுதித் தர ஓர் ஆள்தான். மதுரை அரசு சட்டக் கல்லூரி மாணவர்களும் ஊரிலுள்ள நுகர்வோர் சங்கங்களும் சேர்ந்து, விமானத்தில் ஏறாதவர்களுக்குத் திரும்பாத யூடிஎஃப், பாதுகாப்புக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 35-ம் பிரிவின் கீழ் பொதுவான மனு ஒன்றை இந்த ஆண்டே தாக்கல் செய்யலாம். வேண்டிய ஆவணம் மூன்று: டிக்கெட், பணம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், அந்தப் பணம் வரவில்லை என்று காட்டும் வங்கிக் கணக்கு விவரம்.