மிச்ச அலை வேண்டாம். உறுதியான இணைப்பு வேண்டும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் காவல் நிற்க அமைந்த எழுவான்கரை ஊர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. மணல் நிலத்திற் கிணற்று நீரை இறைத்து வெற்றிலையும் மரக்கறியும் விளைவிக்கும் உழைப்பாளர் வாழும் ஊர் அது. வாவிக்கு அப்பால் நெல்லும் பாலும் தரும் படுவான்கரை. இவ்விரு கரைகளும் சேர்ந்தே மட்டக்களப்புக்குச் சோறூட்டுகின்றன. ஆயினும் இக்கரைகளிலே சிறுதொழில் நடத்துவோர் இணையத்துக்காகப் படும் பாட்டைச் சிந்திப்பார் யார்?

“கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று ஏது? இணையம் எங்குதான் இல்லை?” என்று தலைநகரில் இருப்போர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையையும் அவர்கள் பொறுமையுடன் கேட்டல் வேண்டும்.

கோபுரம் ஒன்று வீசும் அலை, அதன் எல்லைக்குள் வாழும் அத்தனை பேருக்கும் பொதுச்சொத்து. பத்துப் பேர் மொள்ளும்போது தெளிந்திருக்கும் கிணறு, நூறு பேர் மொள்ளும்போது கலங்கிவிடுகிறது. பொழுதுபட்டு ஊரார் யாவரும் தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரத்திலே, ஆலைக்காரர் தம் கணக்கை வங்கிக்கு அனுப்ப முயன்றால் என்ன ஆகும்? சுழன்று கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்தவாறு அவர் அமர்ந்திருக்க வேண்டியதுதான். மேலும், இத்தகைய இணைப்புகளிற் பெரும்பங்கு அலை இறக்குவதற்கே ஒதுக்கப்படுகிறது. ஏற்றுவதற்குக் கிடைப்பது சொற்பம். படம் பார்ப்பவனுக்கு அது போதும். பத்திரங்களையும் வரைபடங்களையும் கணக்குகளையும் வெளியூருக்கு அனுப்பிப் பிழைப்பவனுக்கு அது போதுமா?

போதாமையின் விளைவை நாம் கண்முன்னே காண்கின்றோம். கணனிப் படிப்பை முடித்த பிள்ளைகள், வேலை கிடையாமையால் மட்டுமன்றி, கிடைத்த வேலையை ஊரிலிருந்தே செய்ய இயலாமையாலும் ஊரை விட்டுப் போகின்றனர். விளைபொருளுக்கு அன்றைய விலையை அறிந்து பேரம் பேச வேண்டிய கமக்காரர், தரகர் சொன்னதே விலையென ஏற்கின்றார். இழப்பு அவருக்கு மட்டுமா? ஊருக்கும் அன்றோ!

இதற்கு ஒரு வழி உண்டு. நகர எல்லை வரையோ நெடுஞ்சாலை வரையோ வந்து சேர்ந்துள்ள கண்ணாடி இழை இணைப்பிலிருந்து, கூரையிலோ கம்பத்திலோ நிலையாகப் பொருத்திய அலைவாங்கி மூலம், குறித்த ஓர் இடத்துக்கு மட்டும் அலையைக் குவித்து அனுப்பலாம். ஊர் முழுவதற்கும் வீசும் விளக்கொளிக்கும், ஒருவர் கையில் பிடித்த சூள் ஒளிக்கும் உள்ள வேறுபாடே இதற்கும் கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் உள்ள வேறுபாடு.

இது நமக்குப் புதுமையும் அன்று. ஒரு தொலைபேசிக்கு மனுப்போட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். 1996ஆம் ஆண்டிலே சன்ரெல், லங்கா பெல் எனும் இரு கம்பனிகளுக்குக் கம்பியில்லாத் தொலைபேசி நடத்த உரிமம் வழங்கப்பட்ட பின்னரே அந்தக் காத்திருப்புக் குறையத் தொடங்கியது. அன்று குரலுக்குத் திறந்த வழி, இன்று தொழிலுக்கும் திறத்தல் வேண்டும்.

தமிழகத்துத் தேனி மாவட்டத்தைப் பாருங்கள். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, 2005ஆம் ஆண்டளவில் சுற்றுக் கிராமங்களின் கண் நிலையங்களைத் தொலைதூர வை-பை மூலம் இணைத்தது. கிராமத்து மூதாட்டி தன் ஊரிலே அமர்ந்தவாறு தேனியிலுள்ள மருத்துவரிடம் முகம் பார்த்து ஆலோசனை பெற முடிந்தது. ஸ்பெயின் நாட்டின் கற்றலோனியாவிலே, கம்பனிகள் எட்டிப் பாராத நாட்டுப்புறத்து மக்கள் 2004ஆம் ஆண்டில் தாமே அலைவாங்கிகளை நிறுத்தி ‘கிஃபி நெற்’ எனும் வலையமைப்பைத் தொடங்கினர். அது பின்னர் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்பு நிலைகளாக வளர்ந்தது. வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீற்றர் தூரத்துக்கு 2007இல் வை-பை அலையைச் செலுத்திக் காட்டினர். நம் வாவியின் அகலமோ சில கிலோமீற்றர் மட்டுமே!

மண்முனையிலே 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும் வரை மக்கள் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். அலைக்குப் பாலமும் வேண்டியதில்லை, பாதையும் வேண்டியதில்லை. மலையோ மாடமோ மறைக்காத நீர்வெளி அதற்கு இயற்கை அளித்த நெடுஞ்சாலை.

தடைகளை நாம் மறைக்கப் போவதில்லை. ஐந்து கிலோமீற்றர் இணைப்பொன்றில், 5 கிகாஹேட்ஸ் அளவிலான அலைக்கு நடுவழியில் எட்டு மீற்றர் ஆரமுள்ள வெளி தடையின்றி இருத்தல் நன்று. ஆகவே கம்பம் உயர வேண்டும், தென்னோலைகளுக்கு மேலே தலைநீட்ட வேண்டும். நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் அலை, நேர் அலையைக் குலைப்பதுண்டு. அதற்கு அலைவாங்கியின் உயரத்தை அறிந்து அமைக்கும் கைத்திறன் வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மாரி இடி கருவியை எரிக்கும். நாகம் பூசிய கம்பமும் இடிதாங்கியும் இன்றியமையாதன. மின்சாரமோ! 2022 மார்ச் 31இல் நாடெங்கும் அறிவிக்கப்பட்ட பதின்மூன்று மணிநேர மின்வெட்டை யார் மறப்பார்? சிறு சூரியத் தகடும் மின்கலமும் அருகே இருத்தல் வேண்டும். இவை யாவும் செலவே. ஆனால் தீராத செலவல்ல.

“கண்ணாடி இழை வீடுதோறும் வரும், பொறுத்திருங்கள்” என்பார் சிலர். வரட்டும், அதனினும் சிறந்தது வேறில்லை. ஆனால் மழை வருமென்று சொல்லி வாடும் கொடிக்கு நீர் இறைக்காதிருப்போமா? “2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே” என்பார் வேறு சிலர். வானத்து இணைப்பு வல்லமையுடையதுதான். ஆனால் தனித்தனியே கருவி வாங்கி, மாதந்தோறும் கட்டணம் செலுத்தச் சிறுதொழிலாளர் எத்தனை பேரால் இயலும்?

ஆகவே நாம் கோருவன மூன்று.

முதலாவது, கம்பனிகளுக்கு. “இவ்வளவு வேகம் வரை” என்று விளம்பரம் செய்வதை நிறுத்தி, “இவ்வளவுக்குக் குறையாது” என்று எழுதிக் கொடுங்கள். இறக்க எவ்வளவு, ஏற்ற எவ்வளவு, பழுதானால் எத்தனை மணிநேரத்தில் திருத்துவீர், திருத்தாவிடில் எவ்வளவு கழிப்பீர் என்பன ஒப்பந்தத்திலே தமிழில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தொலைத்தொடர்பு முறைமை நடத்தல் ஆகாது. ஒழுங்கு வேண்டியதே. ஆனால் நாடளாவிய பெருங்கம்பனிக்கு அளந்த சட்டையைக் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாட்டலாமா? அதன் அளவுக்கேற்ற சிற்றுரிமம் ஒன்றைச் சிறு கட்டணத்தில் வகுத்தளித்தல் ஆணைக்குழுவின் கடன்.

மூன்றாவது, நம்மவருக்கு. ஆலைக்காரரும் கடைக்காரரும் கமக்காரர் அமைப்பும் தனித்தனியே மன்றாடுவதை விட்டு, ஒன்றுகூடிப் பெரிய இணைப்பொன்றை வாங்கிப் பங்கிடும் திட்டத்தை வகுத்துக் கொண்டு போய்க் கேட்கட்டும். கம்பமேறவும் கருவி திருத்தவும் ஊரிளைஞர் நால்வரைப் பழக்கட்டும். வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை முடங்கிக் கிடக்கும் இணைப்பு, இணைப்பே அன்று.

பந்தி முடிந்தபின் மிஞ்சியதை இலையிலிட்டு, “நீரும் உண்டீர்” எனச் சொல்வது விருந்தாகாது. எழுவான்கரையும் படுவான்கரையும் கேட்பது சலுகை அன்று. காசு கொடுத்து வாங்கும் பொருளை நிறையாகத் தாரும் என்பதே அவற்றின் கோரிக்கை. அதை நிறுத்துக் கொடுக்க மறுப்பவர், வணிகரும் ஆகார், ஆள்வோரும் ஆகார்.