தோசைக்கல் மீது பழி

சென்ற மாதம் என் அண்ணன் மகள் தன் கணவருடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதந்தான் ஆகிறது. சமையலறையில் என்னோடு உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது, புடவை சற்று விலகியது. இடது காலின் பின்புறம், கணுக்காலுக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுத்த தழும்பு!

"என்னடி அம்மா இது?" என்றேன்.

"ஒன்றுமில்லை, அத்தை. தோசைக்கல் பட்டுவிட்டது."

நானும் முப்பத்தைந்து வருஷமாகத் தோசை வார்க்கிறவள்தான். தோசைக்கல் விரலைச் சுடும், முழங்கையைச் சுடும். மேடையை விட்டு இறங்கி வந்து கணுக்காலைச் சுடும் தோசைக்கல்லை இதுவரை நான் பார்த்ததில்லை!

கொஞ்சம் அதட்டியதும் விஷயம் வெளிவந்தது. மாப்பிள்ளை ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று புகைக்குழாய். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டை அந்தக் குழாய்க்கு மேலேயே, ஒட்டினாற்போல் இருக்கிறது. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது கால் வழுக்கிக் குழாயில் பட்டுவிட்டது.

"அவரிடம் சொன்னாயா?"

"எப்படிச் சொல்வது, அத்தை? அந்த வண்டியென்றால் அவருக்கு உயிர். குறை சொல்கிறேன் என்று வருத்தப்படுவாரே!"

கேட்டீர்களா, சகோதரிகளே! வண்டி வருத்தப்படக் கூடாது. வண்டிக்காரர் வருத்தப்படக் கூடாது. கால் மட்டும் வெந்து போகலாம்!

நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் புகைக்குழாய் வலது பக்கந்தான் இருக்கும். புடவை கட்டியவர்கள் இடது பக்கமாகக் கால்களைப் போட்டு உட்காருவதால் பிழைத்தோம். குழாய் இரு புறமும் இருந்தால் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. அதோடு, ஒரு பக்கமாக உட்காருகிறவளுக்குக் கட்டையில் ஒரு கால்தான் நிற்கும். இன்னொன்று அந்தரத்தில் ஊசலாடும். குழாயோ சிறிது தூரம் ஓடினாலே கொதிக்கிற வெந்நீரைவிடச் சூடாகிவிடும். உலோகத்தின் சூடு 70 டிகிரி சென்டிகிரேடு இருந்தாலே, ஒரு விநாடி பட்டால் போதும், தோல் வெந்துவிடும். நைலான் புடவையானால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் வேஷ்டி கட்டிக்கொண்டு, புடவைக்காரிபோல் ஒரு பக்கமாகப் பின்னால் உட்காருங்கள். எங்கள் பெண் ஓட்டட்டும்" என்றேன். அவள் கல்லூரி நாளிலேயே அவளுடைய அப்பாவின் வண்டியில் கற்றுக்கொண்டவள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மயிலாப்பூரிலிருந்து லஸ் வழியாகக் கடற்கரை வரை போய்த் திரும்பினார்கள்.

வாசலில் வண்டி நின்றதும் ரப்பர் கருகும் நாற்றம் குப்பென்று வந்தது. மாப்பிள்ளையின் ரப்பர் செருப்பில் குதிகால் பக்கம் உருகிப் பள்ளம் விழுந்திருந்தது! அவர் செருப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு தம் மனைவியின் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனோம். நானும் கூடவே போனேன். அந்த மனிதர் சொன்ன விஷயங்கள் எல்லா வீட்டுக்கும் உபயோகமானவை.

கால் கட்டையை ஒருபோதும் புகைக்குழாயோடு சேர்த்துப் பற்றவைக்கக் கூடாது. பின்சக்கரத்தோடு ஏறி இறங்கும் பாகத்திலும் மாட்டக் கூடாது. சாலையின் குலுக்கலெல்லாம் காலுக்கு வந்துவிடும். வண்டியின் சட்டத்தில்தான் அது உறுதியாக நிற்க வேண்டும். பள்ளம் வரும்போது பின்னால் இருப்பவர் உடம்பின் முழுப் பாரத்தையும் அதன்மேல்தானே போடுகிறார்! அதற்காகச் சட்டத்தை அறுப்பதும் துளைப்பதும் கூடாது. முன்பே இருக்கும் போல்ட்டில் கனமான இரும்புத் தகடு ஒன்றை மாட்டி, கட்டையை அதன்மேல் தள்ளிவைக்க வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? ரொம்ப முன்னால் கொண்டுவந்தால் ஓட்டுகிறவர் காலில் இடிக்கும். ரொம்ப உயர்த்தினால் நம் முழங்கால் மடங்கி வலிக்கும். ரொம்ப வெளியே நீட்டினால் வண்டி சாய்ந்து திரும்பும்போது தரையில் உரசும். எங்கள் வண்டிக்கு வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலமும், முன்பக்கம் இரண்டு அங்குலமும் போதுமானதாக இருந்தன. போல்ட்டை இறுக்குவதற்கு முன் அண்ணன் மகளைப் புடவையோடு உட்காரவைத்துப் பார்த்தார் மெக்கானிக். ஒற்றைக் கட்டைக்குப் பதிலாக, இரண்டு காலும் வைக்கும் அகலமான 'லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்' போட்டார். குழாயின் மேல் சற்று இடைவெளி விட்டு ஒரு காப்புத் தகடும் மாட்டினார். இடையில் காற்று இருப்பதால் தகடு அவ்வளவாகச் சுடாதாம்.

இன்னொரு சங்கதி. பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், துணி சிக்காதபடி பின்சக்கரத்துக்கு மறைப்பும் இருக்கவேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அழகு கெடுகிறதென்று அந்தச் சேலைக் காவல் கம்பியைக் கழற்றி எறிகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும்! சட்டம் நமக்காகக் கால் வைக்க இடம் கேட்டுவிட்டது. அந்த இடம் சுடுகிறதா, இல்லையா என்பதை உட்காருகிறவள்தானே சொல்ல வேண்டும்?

தப்பித்தவறிச் சுட்டுக்கொண்டால், உடனே கொலுசையும் மெட்டியையும் கழற்றுங்கள். வீங்கினால் கழற்ற வராது. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாமல், சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளைக் குழாய் இல்லாத பக்கமாகவே இறக்குங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதே வண்டியில் வந்து இறங்கினார்கள். "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்:

"இனிமேல் எது சுட்டாலும் என்னிடமே சொல்லச் சொல்லிவிட்டேன், அத்தை. பாவம், அந்தத் தோசைக்கல் என்ன செய்தது?"