ஏழையின் வழக்குக்கு முடிவு எப்போது?

விவசாயத் தொழிலாளி ஒருவர் தன் கறவை மாட்டை 40,000 ரூபாய்க்கு ஒரு பண்ணையாருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பண்ணையார் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார், பணம் கொடுக்கவில்லை. தொழிலாளி முனிசீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயிக்கிறார். பண்ணையார் அப்பீல் செய்கிறார், அதிலும் தோற்கிறார். விவகாரம் தீர்ந்ததா? இல்லை. ஹைகோர்ட்டுக்குப் போகிறார்.

சிறு தொகை வழக்குகளில் இந்த இரண்டாவது அப்பீலுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு அது. ஆனால், சிறு தொகை என்பது எவ்வளவு? 1976-ம் வருஷத் திருத்தத்தில் 3,000 ரூபாய். 2002-ல் 25,000 ரூபாய். அதற்குப் பின் வரம்பு அசையவில்லை. 2002-ல் அந்தப் பணத்துக்கு ஐந்து பவுன் வாங்கலாம். இன்று ஒரு பவுன்கூடக் கிடைக்காது. அரிசி விலை ஏறியது, மாட்டு விலை ஏறியது. ஏழைக்குக் காவலான வரம்பு மட்டும் ஏறவில்லை!

ஹைகோர்ட்டில் முக்கியமான சட்டப் பிரச்னையை மட்டுமே கிளப்பலாம் என்பது உண்மை. ஆனால் அப்பீலை ஏற்றுத் தீர்ப்பை நிறுத்திவைத்தால் வருஷங்கள் ஓடிவிடும். பண்ணையாரால் காத்திருக்க முடியும். கூலிக்காரனால் முடியுமா? பாதிப் பணத்துக்கு ராஜி செய்துகொண்டு திரும்புகிறான்.

"வரம்பை உயர்த்தினால், கந்துவட்டிக்காரனிடம் தோற்ற தொழிலாளியும் ஹைகோர்ட்டுக்குப் போக முடியாதே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முதல் அப்பீல் உரிமை அவனுக்கு அப்படியே இருக்கும். மேலும், ஏழை வீழ்த்தப்படுவது ஹைகோர்ட்டில் அல்ல. சம்மனைக் கண்டு பயந்து, வக்கீல் வைக்க வழியின்றி, முதல் கோர்ட்டிலேயே ஒருதலைத் தீர்ப்புக்கு ஆளாகிறான். அங்கேதான் அவனுக்குத் துணை வேண்டும்.

1987-ம் வருஷச் சட்ட உதவிச் சட்டப்படி ஆலைத் தொழிலாளர்கள், பெண்கள், ஷெட்யூல்டு ஜாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. சம்மன் வந்தால் ஒளிய வேண்டாம். சங்கத்துக்கு வாருங்கள், தாலுகா சட்ட உதவிக் கமிட்டியில் மனுக் கொடுங்கள்.

நமது கோரிக்கை இது: 25,000 ரூபாய் வரம்பை 2 லட்சமாக உயர்த்த வேண்டும், விலைவாசிக்கேற்ப அவ்வப்போது திருத்த வேண்டும். சிவில் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மத்திய சர்க்கார், மாநில சர்க்கார் இரண்டுமே கைவிரிக்க முடியாது. ஆலை வாயிலிலும் சேரிகளிலும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவோம். ஜெயித்த ஏழைக்குப் பணம் கைக்கு வரவேண்டும், அதுவே நீதி!