சம்பளக் கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்!

மில் தொழிலாளியின் சம்பளக் கணக்கு எங்கே போடப்படுகிறது? மில் ஆபீசில்தான் என்று நினைத்தால் அது பழைய காலம். இன்று பல ஆலைகளில் குமாஸ்தா பேரேட்டைப் புரட்டிக் கணக்குப் போடுவதில்லை. எத்தனை ஷிப்டு, எவ்வளவு ஓவர்டைம், எத்தனை நாள் லீவு, என்னென்ன பிடித்தம் என்ற விவரங்களை எல்லாம் ஒரு கோப்பில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மாதாமாதம் அனுப்புகிறார்கள். அங்கே உள்ள கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தருகிறது.

அந்தக் கோப்பு எந்த வழியாகப் போகிறது? யார் கையில் கொடுக்கப்படுகிறது? போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? இது ஆபீஸ் சமாசாரம், நமக்கென்ன என்று தொழிலாளிகள் இருந்துவிடக் கூடாது என்கிறோம்.

அந்தக் கோப்பில் இருப்பது என்ன? தொழிலாளியின் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண், பாங்கிக் கணக்கு எண், வருங்கால வைப்பு நிதி எண். இவ்வளவுதானா? யூனியன் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கும் ஆலைகளில் அந்தப் பிடித்தமும் அதிலே இருக்கிறது. அதாவது, எந்தத் தொழிலாளி எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்ற பட்டியலும் அதோடு சேர்ந்தே போகிறது! இது கெட்டவன் கையில் சிக்கினால் பணம் மட்டுமா போகும்? வேலைக்கே ஆபத்து வரும்.

கோப்பு தாமதமானாலும் நஷ்டம் நமக்குத்தான். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. வைப்பு நிதிப் பணம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கோப்பு போகாவிட்டால் இரண்டும் தவறும். விவசாயத் தொழிலாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் 15 நாளுக்குள் கூலி என்று எழுதியிருந்தது. ஆனால் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறாக ஏறியிருந்தாலும் கூலி திரும்பிப் போய்விடும். மண் வெட்டியவர் பாங்கிக்கும் யூனியன் ஆபீசுக்கும் நடையாய் நடந்தார்.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இரண்டும் பிரிட்டனில் நடந்தவை.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே வரி இலாகா, குழந்தைகளுக்கு உதவிப் பணம் பெறும் குடும்பங்களின் விவரங்களை இரண்டு தட்டுகளில் பதிந்து தணிக்கை அலுவலகத்துக்குத் தபால் கட்டில் அனுப்பியது. பதிவுத் தபால்கூட இல்லை. வெறும் கடவுச்சொல் போட்டார்களே தவிர, சங்கேதப் பூட்டுப் போடவில்லை. தட்டுகள் போய்ச் சேரவே இல்லை. 2 கோடியே 50 லட்சம் பேரின் விவரம் காணாமற் போயிற்று. இலாகாவின் தலைவர் ராஜினாமா செய்தார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பாங்கி விவரம் வேண்டாம், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று தணிக்கை அலுவலகம் முன்பே கேட்டிருந்தது. நீக்குவதற்குச் செலவாகும் என்று இலாகா முழுவதையும் அனுப்பிவிட்டது. சிக்கனம் யாருக்கு, சங்கடம் யாருக்கு?

அடுத்தது 2023ஆம் ஆண்டு. ஜெல்லிஸ் என்ற சம்பளக் கணக்குக் கம்பெனி, கோப்புகளைப் பத்திரமாக அனுப்புவதற்கென்றே செய்யப்பட்ட மூவ்இட் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தி வந்தது. அந்த சாஃப்ட்வேரிலேயே ஓர் ஓட்டை இருந்தது. திருட்டுக் கும்பல் அதன் வழியே புகுந்து, அங்கே தேங்கிக் கிடந்த கோப்புகளை அள்ளிக்கொண்டு போயிற்று. பிரிட்டிஷ் ஏர்வேஸ், பி.பி.சி., பூட்ஸ் மருந்துக் கடைகள் ஆகியவற்றின் ஊழியர் விவரங்கள் பறிபோயின. அந்த ஊழியர்கள் மூவ்இட் என்ற பெயரைக்கூட அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்!

ஆகவே, பாதுகாப்பான சாஃப்ட்வேர் வாங்கிவிட்டோம் என்று நிர்வாகம் சொல்வது மட்டும் போதாது. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். எப்படி நடக்க வேண்டும்?

பஞ்சு லாரி மில்லுக்குள் வரும்போது என்ன செய்கிறோம்? பேல் எத்தனை என்று எண்ணுகிறோம், எடை போடுகிறோம், சீட்டோடு ஒத்துப் பார்க்கிறோம், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கோப்புக்கும் இதே முறைதான்.

முதலாவது, தேவையான விவரம் மட்டுமே போகட்டும். கணக்குப் போட ஆதார் எண் தேவையில்லை என்றால் அதை ஏன் அனுப்ப வேண்டும்? சந்தாப் பிடித்தத்துக்குத் தொகை போதும். சங்கத்தின் பெயர் எதற்கு?

இரண்டாவது, ஈமெயில், வாட்ஸ்அப், பென் டிரைவ் மூன்றும் கூடாது. எஸ்.எப்.டி.பி. என்ற பூட்டிய பாதை இருக்கிறது. அதற்குச் செலவு அதிகமில்லை; இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேரே போதும். அனுப்பும் கம்ப்யூட்டருக்குத் தனிச் சாவி இருக்க வேண்டும். ஆபீசில் பத்துப் பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது கூடாது.

மூன்றாவது, பாதை மட்டுமல்ல, கோப்பும் பூட்டப்பட வேண்டும். இதற்கு ஒரு நல்ல முறை உண்டு. சாஃப்ட்வேர் கம்பெனி திறந்த பூட்டை நமக்குக் கொடுக்கும். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பூட்டுவது யாராலும் முடியும். திறப்பது சாவி வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். வழியில் எவன் எடுத்தாலும் அவனுக்குக் கிடைப்பது பூட்டிய பெட்டிதான்.

நான்காவது, கோப்போடு ஒரு சீட்டும் போக வேண்டும். அதில் எத்தனை ஆட்கள், மொத்தத் தொகை எவ்வளவு என்று இருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக் கொடுக்கும் சோதனை எண் ஒன்றும் இருக்க வேண்டும். அங்கே ஒத்துப் பார்த்து, சரி என்று ரசீது வர வேண்டும். ரசீது வராவிட்டால் குறித்த நேரத்துக்குள் இங்கே மணி அடிக்க வேண்டும். சம்பள நாளன்று தொழிலாளி வந்து கேட்ட பிறகு விழித்துக்கொள்வது என்ன நிர்வாகம்?

ஐந்தாவது, வேலை முடிந்ததும் இடைவழியில் கிடக்கும் கோப்பு அழிக்கப்பட வேண்டும். மூவ்இட் திருட்டு கற்பித்த பாடம் இதுதான். தேங்காத இடத்தில் திருடனுக்கு என்ன வேலை?

சட்டம் என்ன சொல்கிறது? தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விவரத்தை வேறு கம்பெனியிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே என்று அது சொல்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்துவிட்டார்கள். அபராதப் பணமும் சர்க்கார் கஜானாவுக்குத்தான் போகும். விவரத்தைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு அதில் காலணா கிடையாது. எனவே சட்டம் காப்பாற்றும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது.

செலவாகும், ஆள் இல்லை என்று நிர்வாகம் சொல்லும். மேலே சொன்ன ஐந்தில் எதுவும் புது மெஷின் கேட்கவில்லை. ஒழுங்கைத்தான் கேட்கிறது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் பிறகு மாதாமாதம் தானாகவே நடக்கும். ஆபீஸ் ஊழியருக்கும் இராத்திரி வேலை மிச்சம்.

அடுத்த பேச்சுவார்த்தையில் போனசோடும் பஞ்சப்படியோடும் இதையும் சேர்த்து வையுங்கள் என்று யூனியன்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் விவரம் எந்தக் கம்பெனிக்குப் போகிறது? எந்த வழியாகப் போகிறது? எத்தனை நாள் அங்கே இருக்கிறது? தவறினால் யார் பொறுப்பு? இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்!