சேவை செய்யப் போறதுக்கு ஃபீஸா?



"வெளிநாட்டில் சமூக சேவை! பண்பாட்டு அனுபவம்! முடிவில் சான்றிதழ்!" இப்படி விளம்பரங்கள் நம்ம பிள்ளைகளோட வாட்ஸ்அப் வரைக்கும் வந்துடுச்சு. பத்து நாள் பயணம். ஒரு நாள் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட், ஒரு நாள் ஏழைக் குழந்தைகளோட செல்ஃபி, மீதி நாள் ஊர் சுத்தல். கட்டணம் லட்சத்துல. பூதலூர்ல நடவுக்கும் களைக்கும் போற குடும்பம் அதைக் கனவுலகூட கட்ட முடியாது.

வெளிநாடு போகாதேன்னு நாம சொல்லல. யார் போறாங்க, எதுக்குப் போறாங்கன்னுதான் கேட்கிறோம்.

அந்த விமானத்துல அடுத்த சீட்டைப் பாருங்க. அம்மா நகையை அடகு வச்சு, ஏஜென்ட்டுக்குக் கொட்டிக் கொடுத்துட்டு, சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போற நம்ம டெல்டா இளைஞன் உட்கார்ந்திருப்பான். ரெண்டு வருசம் அங்கேயே கிடப்பான், அவங்க மொழியைப் பேசுவான், அவங்க கட்டடத்தைக் கட்டுவான். அவனுக்குப் பேர் கூலி. பத்து நாள் போய் வந்தவருக்குப் பேர் உலகக் குடிமகன்! மேற்கு வங்கத்துலேர்ந்தும் பீகார்லேர்ந்தும் வந்து நம்ம வயல்ல நாத்து நடுறாங்களே, அந்தத் தொழிலாளிக்கு யார் கொடுத்தா பண்பாட்டுச் சான்றிதழ்?

சரி, அந்தச் சேவையால அங்க இருக்கிறவங்களுக்காவது நன்மையா? கம்போடியாவைப் பாருங்க. அங்கே அனாதை இல்லங்கள்ல இருக்கும் பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப் எச்சரிச்சது. சேவை செய்ய வர்ற வெளிநாட்டுக்காரங்க பணத்தை நம்பியே இல்லங்கள் பெருகின. வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்கினா, வறுமையை ஒழிக்க யாருக்கு மனசு வரும்?

வெளியூர் போய்க் கத்துக்கிறதுன்னா என்னன்னு நம்ம கல்லணை சொல்லும். ஆர்தர் காட்டன் கம்பெனி ஆட்சியின் வருமானத்துக்காக வேலை பார்த்த பொறியாளர்தான். ஆனா ஆழம் காண முடியாத ஆத்து மணல்ல அடித்தளம் போடும் வித்தையை இந்த மண்ணுக்காரங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்னு அவரே ஒத்துக்கிட்டார். அந்தப் பாடத்தை வச்சுத்தான் 1830-களில் முக்கொம்பு மேலணை, பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. கத்துக்க வர்றவன் தலை குனிஞ்சு வரணும். பிச்சை போட வர்ற மாதிரி வரக்கூடாது.

1969-ஐ நினைச்சுப் பாருங்க. செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்குச்சு. அதே வருசக் கடைசியில, தங்கள் அரசின் தடையை மீறி, அமெரிக்க இளைஞர்கள் கியூபாவுக்குப் போய் விவசாயிகளோட சேர்ந்து கரும்பு வெட்டினாங்க. வேர்வை சிந்தினாங்க, தோழமை சம்பாதிச்சாங்க. அது சேவை!

நம்ம கோரிக்கைகள்:

🔴 போட்டியில ஜெயிச்ச அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழ்நாடு அரசு வெளிநாடு கூட்டிட்டுப் போனதை வரவேற்கிறோம். ஆனா அது ஒரு சிலருக்கான பரிசா நின்னுடக் கூடாது. அரசு செலவில், ஒன்றியம்தோறும், கல்லூரி மாணவர்களுக்கும் விரிவாக்கு!

🔴 பயணம் ஒருவழிப் பாதை ஆகக்கூடாது. அங்கிருந்தும் மாணவர்கள் வரட்டும். வாய்க்கால்ல நெய்வேலிக் காட்டாமணக்கு வெட்டட்டும். 17 சதவீத ஈரப்பதத்தைக் காட்டி, கொள்முதல் நிலைய வாசல்ல விவசாயியை நெல்லோட காக்க வைக்கிறதைப் பார்க்கட்டும்.

🔴 காசு கட்டி வாங்கிய சேவைச் சான்றிதழுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் எந்தச் சலுகையும் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குப் போதுமான நிதி ஒதுக்கு!

🔴 வெளிநாடு போகும் தொழிலாளியை ஏமாத்துற ஏஜென்ட்டுகள் மீது உடனடி நடவடிக்கை எடு!

தோழர்களே, பூதலூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறுற நம்ம பிள்ளைக்கும் உலகம் பார்க்க உரிமை உண்டு. கடன் வாங்கிப் போகும் கூலியா இல்ல, கத்துக்கப் போகும் மாணவனா, மாணவியா போகட்டும்!

உங்க ஊர் மாணவர்கள்கிட்ட இதைக் கொண்டு போங்க. பகிருங்கள்!

#சேவை_விற்பனைக்கல்ல
#உலகம்_எல்லோருக்கும்
#பூதலூர்